நூல் பின்னி விடுதலை வாங்கிய சிறுமிகள்: மார்த்தா மால்ட் அம்மையார் வரலாறு

நாஞ்சில் நாடு என்றால் நெல் வயல் நினைவுக்கு வரும். நாகர்கோவில் என்றால் லேஸ் நினைவுக்கு வரும். ரவிக்கையின் கையிலும், கைக்குட்டையின் ஓரத்திலும், மேசை விரிப்பின் விளிம்பிலும் வைத்துத் தைக்கிற பின்னல்தான் லேஸ். ரேந்தை என்றும் சொல்வார்கள். நாகர்கோவில் ரேந்தை ஒரு காலத்தில் கப்பல் ஏறிச் சீமைக்கே போயிற்று. பொருட்காட்சிகளிலும் இடம் பெற்றது.

இந்தத் தொழில் தொடங்கியது ஓர் ஆலையில் அல்ல. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில்! அதைத் தொடங்கியவர் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி. அவர் கற்பித்த கைத்தொழில் சில சிறுமிகளுக்குக் கூலி தந்தது. சிலருக்கோ அடிமை வாழ்விலிருந்து விடுதலையே தந்தது. அந்த வரலாறுதான் இது.

கப்பலில் வந்தார்

மார்த்தா 1794-ம் ஆண்டு பிறந்தார். சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரை மணந்தார். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சங்கம் இருவரையும் இந்தியாவுக்கு அனுப்பியது.

அந்தக் காலத்தில் விமானம் இல்லை. சூயஸ் கால்வாயும் இல்லை. அது திறக்கப்பட்டது 1869-ல்தான். பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கொண்டு வர வேண்டும். பல மாதங்கள் தண்ணீரில்தான் வாழ்க்கை. இப்படி வந்து, 1819-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நாகர்கோவிலில் கால் வைத்தார்கள். அப்போது மார்த்தாவுக்கு வயது 25.

நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. (அது தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி.) ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சி நடத்தி வந்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியாரும் அவர் மனைவி ஜோகன்னாவும் முன்பே அங்கு இருந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை மீட் நடத்தினார். 1819-ல் ஜோகன்னா அம்மையார் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளியை ஆரம்பித்திருந்தார். மார்த்தா வந்ததும் அந்தப் பள்ளியில் அவரும் சேர்ந்து கொண்டார். பிற்பாடு மீட் குடும்பத்தார் நெய்யூருக்குப் போய்விட்டார்கள். நாகர்கோவில் பள்ளியின் பொறுப்பு மார்த்தாவின் தலையில் விழுந்தது.

அன்று நாடு இருந்த நிலை

பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது அன்று ஊரில் வழக்கமில்லாத காரியம். பெண் எழுதப் படிக்கக் கற்று என்ன செய்யப் போகிறாள் என்று எண்ணிய காலம். சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிடும். ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தால் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் ஓர் ஆள் கூலி குறையும்.

இதைவிடக் கொடிய நிலை ஒன்றும் இருந்தது. அதுதான் அடிமை முறை. திருவிதாங்கூரில் வயலில் உழைத்த பல குடும்பங்கள் அடிமைகள். அவர்களை விற்கலாம், வாங்கலாம், அடகு வைக்கலாம். தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகப் பிரிந்து போனதும் உண்டு. அடிமைக்குப் பிறந்த குழந்தையும் அடிமை. தனியார் மட்டும் அல்ல. அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது.

மார்த்தா அம்மையாரின் பள்ளிக்கு வந்த சிறுமிகளில் சிலர் இத்தகைய அடிமைக் குடும்பங்களின் குழந்தைகள். மற்றவர்களிலும் பலர் ஏழைகள். அவர்களுக்குச் சோறு போட வேண்டும், துணி கொடுக்க வேண்டும், பாடம் சொல்லித் தர வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சீமையிலிருந்து வரும் நன்கொடையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அம்மையார் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் படிக்கவும் வேண்டும். தங்கள் கையால் சம்பாதிக்கவும் வேண்டும். அதற்கு ஏற்ற தொழில் அவர் கைவசம் இருந்தது.

1821-ல் முதல் பின்னல்

இங்கிலாந்தில் லேஸ் பின்னுவது பழைய குடிசைத் தொழில். டெவன் பகுதியில் உள்ள ஹானிட்டன் என்ற சிற்றூரின் லேஸ் உலகப் புகழ் பெற்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தரும் பள்ளிகளும் அங்கே இருந்தன.

மார்த்தா அம்மையார் 1821-ல் தமது பள்ளியில் இந்தத் தொழிலைக் கற்பிக்க ஆரம்பித்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு, வேதபாடம், தையல் ஆகியவற்றோடு லேஸும் ஒரு பாடம் ஆயிற்று.

அது எப்படிச் செய்யப்படுகிறது? தெரிந்து கொள்வது சுவையாக இருக்கும்.

முதலில் கெட்டியாக அடைத்த ஒரு தலையணை வேண்டும். இதுதான் லேஸ்காரியின் மேசை. அடுத்து, பூவோ கொடியோ எந்த வடிவம் வேண்டுமோ அதைத் தடித்த தாளில் வரைய வேண்டும். வரைந்த கோட்டின் மேல் சிறு சிறு துளைகள் குத்த வேண்டும். கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, அப்படி லேஸுக்கு இந்தத் துளைகள். புள்ளி தவறினால் கோலம் கெடும். துளை தவறினால் பின்னல் கெடும்.

துளையிட்ட தாளைத் தலையணை மேல் பொருத்துவார்கள். பிறகு விரல் நீளமுள்ள மரக்குச்சிகளில் மெல்லிய நூலைச் சுற்றுவார்கள். குச்சிகள் இரண்டிரண்டாகச் ஜோடி சேர்ந்து இருக்கும். அகலம் குறைந்த பின்னலுக்குச் சில ஜோடி போதும். அகலம் கூடினால் குச்சிகளின் எண்ணிக்கையும் பல டஜன் ஆகிவிடும்.

பின்னும் முறையில் அடிப்படை அசைவுகள் இரண்டே இரண்டுதான். ஒரு வேளைக்கு இரண்டு ஜோடியை, அதாவது நான்கு குச்சிகளைக் கையில் எடுக்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றுவது ஓர் அசைவு. ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள இரண்டு குச்சிகளைத் தங்களுக்குள் முறுக்கி மாற்றுவது மற்றோர் அசைவு. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் வலையும் வரும். துணி போன்ற அடர்த்தியும் வரும். பூவும் இலையும் வரும். நூல் நகராதபடி ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி குத்தி நிறுத்துவார்கள். பின்னி முடித்ததும் ஊசிகளை எடுத்துவிட்டால் லேஸ் தனியே வந்துவிடும்.

கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். ஒரு நாள் முழுதும் உட்கார்ந்தாலும் கொஞ்ச அளவே வளரும். கண் கூர்மையாக இருக்க வேண்டும். வெள்ளை நூலில் அழுக்குப் படக் கூடாது. ஆகவே கையும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும். துளைகளை எண்ண வேண்டும். ஜோடிகளைக் கணக்கு வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டும்.

கூலிக்குக் களை பறித்த வீட்டுப் பெண் கணக்குப் படித்ததும், வடிவம் வரைந்ததும், சுத்தம் பழகியதும் இந்தத் தலையணையின் முன்னால்தான். பாடமும் தொழிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை.

இயந்திரமும் கையும்

இந்தச் சமயத்தில் சீமையில் என்ன நடந்து கொண்டிருந்தது தெரியுமா? ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் லேஸ் வலை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து, 1808, 1809-ம் ஆண்டுகளில் அதற்கு உரிமை பெற்றார். பல பேர் கையால் செய்ததை ஓர் இயந்திரம் செய்தது. வேலை இழந்த தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். 1816-ல் லஃப்பரோ என்ற ஊரில் இருந்த ஹீத்கோட்டின் ஆலையில் ஆட்கள் புகுந்து இயந்திரங்களைத் தூள் தூளாக்கினார்கள். அவர் ஊரையே விட்டு டெவன் பகுதிக்குப் போய்ப் புதிய ஆலை வைத்தார்.

அங்கே இயந்திரம் கைத்தொழிலை விழுங்கிக் கொண்டிருந்தது. இங்கே நாகர்கோவிலில் அதே கைத்தொழில் புதிதாகப் பிறந்தது! கையால் பின்னிய உயர்ந்த ரக லேஸுக்குச் செல்வர் வீடுகளில் மதிப்பு இருந்தது. நாகர்கோவில் பெண்களின் பின்னலை இந்தியாவிலிருந்த ஐரோப்பிய மாதர்கள் விரும்பி வாங்கினார்கள். சீமைக்கும் அனுப்பினார்கள். விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. பின்னிய பெண்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

விலை கொடுத்து வாங்கிய விடுதலை

இனி இந்த வரலாற்றின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

ஓர் அடிமைச் சிறுமி பள்ளியில் படிக்கிறாள். நன்றாக எழுதுகிறாள், வாசிக்கிறாள். ஆனாலும் சட்டப்படி அவள் வேறொருவருடைய சொத்து. எசமான் நினைத்தால் நாளைக்கே அவளைத் திரும்ப அழைத்துக் கொள்ளலாம். அப்படி அழைத்துக் கொண்டால் படித்த படிப்பெல்லாம் வீண்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். எசமானுக்கு விலையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த விலைக்கு லேஸ் வழி செய்தது. அடிமைச் சிறுமிகள் பின்னிச் சம்பாதித்த பணம் சேர்த்து வைக்கப்பட்டது. அந்தப் பணத்தைக் கொண்டு அவர்களில் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

யாரோ இரங்கிப் போட்ட பிச்சை அல்ல அது. தங்கள் பத்து விரல்களால் பின்னிப் பின்னி, அங்குலம் அங்குலமாகத் தேடிய விடுதலை. அடிமைக்குப் பிறந்தவள் சுதந்திரப் பெண் ஆனாள். தன் வயிற்றில் பிறக்கும் பிள்ளையையும் அடிமை ஆகாமல் காத்தாள். பள்ளியில் கற்ற ஒரு கைத்தொழில் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

குப்பாயம் பிறந்த கதை

மார்த்தா அம்மையாரின் தையல் வகுப்புக்கு இன்னொரு சோதனையும் வந்தது.

திருவிதாங்கூரில் நாடார் முதலிய பல சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிந்து மார்பை மூடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மேல் சாதியார் முன் அது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு வந்தது. குப்பாயம் என்பது தைத்த மேற்சட்டை.

உத்தரவு வந்தால் போதுமா? சட்டையை யார் தைப்பது? எந்த மாதிரியில் தைப்பது? ஜோகன்னா மீட் அம்மையாரும் மார்த்தா மால்ட் அம்மையாரும் தளர்வான ஒரு சட்டைக்கு மாதிரி அமைத்தார்கள். வெயிலுக்கு ஏற்றது, வேலைக்கு இடைஞ்சல் இல்லாதது, எளிதில் தைக்கக் கூடியது. பள்ளியில் தையல் கற்ற பெண்களால் அதைத் தாங்களே தைத்துக் கொள்ள முடிந்தது.

ஆனால் பெண்கள் சட்டைக்கு மேல் தோள்சீலையும் அணியத் தொடங்கியதும் எதிர்ப்பு மூண்டது. 1822-லும், மறுபடி 1827 முதல் 1829 வரையிலும் கலகம் நடந்தது. சந்தைக்குப் போன பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் தீ வைக்கப்பட்டது. இந்தப் போராட்டத்தைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு சொல்கிறது.

1829-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராணியின் பிரகடனம் வெளிவந்தது. தோள்சீலை கூடாது, குப்பாயம் அணியலாம் என்று அது கூறியது. பெண்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் அந்தப் பாதி, பள்ளிக்கூட ஊசியும் நூலும் தைத்துக் கொடுத்த சட்டை. தையல் என்பது பொழுதுபோக்குப் பாடம் அல்ல, மானத்தைக் காக்கும் பாடம் என்பதை நாஞ்சில் நாட்டுப் பெண்கள் அன்று கண்டார்கள்.

மகளும் தாய் வழியில்

மார்த்தா அம்மையாருக்கு 1822-ல் நாகர்கோவிலில் ஒரு மகள் பிறந்தாள். பெயர் எலைசா. தாய் பேசிய ஆங்கிலமும் ஊர் பேசிய தமிழும் எலைசாவுக்கு ஒன்று போலவே வந்தன.

1844-ல் எலைசாவுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை யார் என்று நினைக்கிறீர்கள்? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிப் புகழ் பெற்ற கால்டுவெல்தான்! அந்த நூல் 1856-ல் வெளிவந்தது. கால்டுவெல் பெரிய மொழி அறிஞர். ஆனால் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பேச்சுத் தமிழை அவருக்குப் பழக்கியதில் எலைசாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கால்டுவெல் வாழ்ந்த இடம் நெல்லைச் சீமையின் தேரிக்காட்டில் உள்ள இடையன்குடி. எலைசா அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். தாயிடம் கற்ற லேஸ் தொழிலையும் அங்கே கற்பித்தார். இப்படி நாகர்கோவில் பின்னல் பனைமரக் காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

நாகர்கோவிலைச் சுற்றிலும் தொழில் பரவியது. பள்ளியில் கற்ற பெண் கல்யாணமாகிப் போனால், தலையணையையும் குச்சிகளையும் எடுத்துப் போய் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பின்னலாம். சமையல் முடிந்த பிறகும், பிள்ளை தூங்கும்போதும் பின்னலாம். கையில் சொந்தமாகக் காசு புழங்கிற்று. நெய்யூர் முதலிய இடங்களில் பூத்தையல் தொழிலும் வளர்ந்தது.

கூலி எப்போதும் தாராளமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. சீமையில் நாகரிகம் மாறினால் இங்கே விற்பனை குறையும். மலிவான இயந்திர லேஸ் பெருகியபோது கைப்பின்னலுக்கு அடி விழுந்தது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தத் தொழிலால்.

விடை பெற்றார்

மார்த்தா அம்மையார் நாகர்கோவிலில் சுமார் 35 ஆண்டுகள் வாழ்ந்தார். 25 வயது இளம் பெண்ணாக வந்தவர், நரைத்த தலையுடன் 1850-களின் நடுவில் தம் கணவருடன் சீமைக்குத் திரும்பினார். 1870-ல் காலமானார்.

அவர் வளர்த்த பள்ளி நின்று போகவில்லை. டதி பாதிரியார் குடும்பத்தின் பெயரால் டதி பெண்கள் பள்ளி என்று வழங்கி, உயர்நிலைப் பள்ளியாகி, மேல்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது. 1819-ல் ஒரு விடுதியில் ஆரம்பித்த பெண் கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

படிப்போடு கைத்தொழிலும் வேண்டும் என்று நாட்டில் பின்னால் பலர் பேசினார்கள். 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்தே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன் வைத்தார். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது, தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. மார்த்தா அம்மையார் மேடை ஏறிக் கல்வித் திட்டம் எதுவும் பேசியவர் அல்ல. ஒரு தலையணையையும் சில குச்சிகளையும் வகுப்பில் கொண்டு வந்து வைத்தார், அவ்வளவுதான்.

திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று 1847-ல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1855-ம் ஆண்டு ஜூன் மாதம் அடிமை முறை அடியோடு ஒழிக்கப்பட்டது. 1859-ல் நாடார் பெண்கள் மார்பை மூடி ஆடை அணியும் உரிமையை மகாராஜாவின் பிரகடனம் ஒப்புக் கொண்டது. அரசாங்கம் கொடுக்கும் வரை காத்திராமல், பல ஆண்டுகளுக்கு முன்பே நாகர்கோவில் பள்ளிச் சிறுமிகள் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே பின்னி எடுத்திருந்தார்கள்.